இருவிரல் ஒருவாய்ச் சிற்றுணவு

கழகத்தில் எந்தப் பொருளும் முதலில் கீழே விழ வேண்டும். விழுந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். குடை, வாளி, ஏணி, தாழ்ப்பாள், சோப்புப் பெட்டி என்று வீட்டில் புழங்குகிற எதுவானாலும் சிமெண்டுத் தரையில் முகத்துக்கு ஒன்றாக ஆறு முறை போட்டு, தண்ணீரில் முக்கி, சூட்டில் வாட்டி, இழுத்துப் பார்த்து, 'தேறியது' அல்லது 'தேறவில்லை' என்று முத்திரை குத்துவதற்காக ஏற்பட்டது பயன்பாட்டுப் பொருள் தரச் சோதனைக் கழகம். தேறிய பொருள் கடைக்குப் போகும். தேறாத பொருளும் கடைக்குத்தான் போகும், கொஞ்சம் மலிவாக.

அங்கே குடைப் பிரிவில் எழுத்தராக இருந்தவரை எல்லோரும் 'குடை' என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. அவருக்கு ஒரு மகள், வெளியூரில். மகளுக்கு ஒரு குழந்தை. அது பிறந்தது மழைக்காலத்தில். மழைக்காலத்தில் குடைப் பிரிவில் யாருக்கும் லீவு கிடையாது. மனைவி மட்டும் போய் இருந்துவிட்டு வந்தாள். குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்து நிற்கவும் ஆரம்பித்துவிட்டது. தாத்தா இன்னும் பார்க்கவில்லை. ஆண்டு இறுதி விடுமுறையோடு நாலு நாள் லீவு சேர்த்துப் போய்விட்டு வந்துவிடலாம் என்று பஸ்ஸில் இரண்டு இருக்கை போட்டு வைத்திருந்தார். அதற்கு இயக்குநரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இந்த இடத்தில்தான் விருந்து வந்து குறுக்கே படுத்தது.

விடுமுறை தொடங்குகிற மாலையில் கழகத்தில் ஒரு விருந்து நடப்பது வழக்கம். ஊழியர்களைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவதற்காக அவர்களை இரண்டு மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. போன வருஷம் கழகத் தலைவர் ஒரு கிரீம் பன்னை எடுத்துக் கடித்தார். கிரீம் பின்பக்கமாக வெளியேறி அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. கழகத்தில் யாரும் 'கிரீம்' என்று சொல்வதில்லை. 'சென்ற ஆண்டு நிகழ்வு' என்று சொல்லுவார்கள். அந்தச் சட்டையை வாங்கி வந்து கறைச் சோதனையும் செய்தார்கள். கறையின் தரம் மிகச் சிறப்பு என்று அறிக்கை வந்தது.

ஆகவே இந்த வருஷம் இயக்குநர் முன்கூட்டியே கூட்டம் போட்டார்.

"நாம குடையைச் சோதிக்கிறோம். ஒரு வகையில மழையையே சோதிக்கிறோம்னு சொல்லலாம்" என்று ஆரம்பித்தார். "அப்படிப்பட்ட நம்மள ஒரு பன்னு ஜெயிச்சிடுச்சு. இந்தத் தடவை எது வாய்க்குப் போறதா இருந்தாலும் அது முதல்ல நம்ம சோதனைக்கூடத்துக்குப் போகணும்."

துணை இயக்குநர் எழுந்தார். எதற்கும் வரையறை எழுதித் தருவதில் அவர் வல்லவர். தன் கல்யாணத்தின்போது 'மனைவி' என்பதற்கு வரையறை கேட்டவர் என்று சொல்வார்கள். அது பொய்யாகவும் இருக்கலாம்.

"சார், விருந்துல எல்லாரும் நின்னுக்கிட்டே சாப்பிடறாங்க. ஒரு கையில டம்ளர். ஆகவே மிச்சம் ஒரு கை. அந்தக் கையில கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ரெண்டு மட்டும் போதுமானது. ஒரே வாய்ல உள்ள போயிடணும். ரெண்டாவது கடி இருந்தாத்தான் சார் விபத்து. அதனால 'இருவிரல் ஒருவாய்ச் சிற்றுணவு'ன்னு பேர் வெச்சிடலாம்."

பெயர் வைத்து முடிக்கும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. 'ஒருவாய்' என்பதில் மூடிய வாயைக் கணக்கில் கொள்வதா, திறந்த வாயையா என்பதிலேயே முக்கால் மணி போயிற்று. குடைக்குப் பசி. பசியில் மனிதன் சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவான்.

"சார், இது ரொம்ப சுலபம் சார். ரொட்டியை வட்டமா வெட்டி, மேல ஒரு வெள்ளரித் துண்டு, ஒரு சீஸ் துண்டு வெச்சு, நடுவுல பல்குச்சி குத்தினா முடிஞ்சுது. எங்க வீட்ல பத்து நிமிஷத்துல ஒரு தட்டு பண்ணிடுவாங்க."

எல்லோரும் குடையைத் திரும்பிப் பார்த்தார்கள். கழகம் தோன்றிய நாளிலிருந்து அந்த மேஜையைச் சுற்றி 'சுலபம்' என்ற சொல்லை யாரும் உச்சரித்ததில்லை.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதான் இனிமே இதுக்குப் பொறுப்பு" என்றார். பிறகு, ஞாபகம் வந்தவர்போல, "உங்க லீவு விண்ணப்பம் என் மேஜையிலதான் இருக்கு. கொள்கையளவுல எனக்கு ஆட்சேபணை இல்ல. கையெழுத்தளவுலதான் பாக்கி. இது தேறட்டும், பார்க்கலாம்."

வீட்டில் மனைவி முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். குழந்தைக்கு ஒரு கவுன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு வாயைத் திறந்தீங்க?"

"பசிச்சுது."

"பசிச்சா சோத்துக்குத் திறக்கணும். கூட்டத்துல திறந்தா இப்படித்தான்."

திட்டிக்கொண்டே செய்தும் கொடுத்தாள். ரொட்டித் துண்டை ஒரு சின்ன டம்ளரின் வாயால் அழுத்தி வட்டமாக எடுத்தாள். மெல்லிசாக வெண்ணெய், அதன்மேல் தோல் சீவாத வெள்ளரி, ஒரு சிட்டிகை மிளகு, ஒரு சதுரச் சீஸ், உச்சியில் பல்குச்சி. தட்டு நிறைய நின்றபோது குட்டிக் குட்டிக் குடைகளைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. குடை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இரண்டே விரல், ஒரே வாய், ஒரு துணுக்குகூடச் சிந்தவில்லை. இதில் சோதிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். இருபது வருஷம் வேலை பார்த்தும் அவருக்கு அலுவலகம் பிடிபடவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

சோதனைக்கூட உதவியாளருக்குத் 'தொப்பு' என்று பெயர். காலை முதல் மாலை வரை பொருள்களைக் கீழே போடுவதுதான் அவர் உத்தியோகம். விழுகிற சத்தமே பெயராகிவிட்டது. அவர் ஒரு ரொட்டியைக் கவ்வியில் மாட்டி, மேலே ஏற்றி, விட்டார். தொப்.

துணை இயக்குநர் குனிந்து பார்த்துச் சொல்லச் சொல்லத் தொப்பு எழுதினார். "மாதிரி மூன்றாகப் பிரிந்தது. வெள்ளரி உருண்டு அலமாரிக்கு அடியில் சென்றது. மீட்கப்படவில்லை."

"சார், யாரு சார் இதை இவ்வளவு உயரத்துலேர்ந்து போடப் போறாங்க?" என்றார் குடை.

"வாய் எவ்வளவு உயரத்துல இருக்கு?"

குடை தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். "இங்க சார்."

"அங்கேருந்துதான் விழும். இன்னும் அஞ்சு முகம் பாக்கி இருக்கு, போடச் சொல்லுங்க."

"இதுக்கு ஆறு முகம் இல்லியே சார். வட்டமா இருக்கு."

"எல்லாத்துக்கும் ஆறு முகம் உண்டு. நமக்குத் தெரியலைன்னா அது நம்ம குறை."

மனைவி அடுத்த தடவை ரொட்டியை வாட்டி, சீஸை உருக்கி ஒட்டி அனுப்பினாள். அது இரண்டு முகம் தாங்கியது. ஆனால் தண்ணீர்த் தொட்டியில் பஞ்சாகிவிட்டது. தண்ணீரில் எதற்குப் போட வேண்டும் என்று குடை கேட்டார். விருந்தில் தண்ணீர் வைப்பார்களா, மாட்டார்களா என்று துணை இயக்குநர் திருப்பிக் கேட்டார். வைப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை குடைகளுக்கான காற்றுக் கூண்டில் வைத்து, 'புயல்' என்று எழுதிய விசையைத் தட்டினார்கள். மண்டபத்தில் ஃபேன் ஓடும் அல்லவா? சீஸ் எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டும் தன்மைக்குத் தனியாக ஒரு பாராட்டுக் குறிப்பு எழுதினார்கள். மாதிரி தேறவில்லை.

இதற்கிடையில் 'ஒருவாய்' பிரச்சினை முற்றியது. வாய்க்கு அளவு இல்லாமல் உணவுக்கு எப்படி அளவு வைப்பது? வாளியின் உள்விட்டம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு தொப்பு உட்கார, ஊழியர்கள் பதவி வரிசையில் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். இது பதவி உயர்வில் பாதிப்பை உண்டாக்குமோ என்று ஊழியர் சங்கம் கவலை தெரிவித்தது. இயக்குநர் பதில் சொன்னார்: "வாயின் அளவு பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுக்கப்பட மாட்டாது. இதுவரை எடுக்கப்பட்டதாகவும் நிரூபிக்கப்படவில்லை." கடைசியில் இயக்குநரின் வாய்தான் எல்லாவற்றிலும் பெரிதாக வந்தது. அதையே தரநிலை வாய் என்று ஏற்றுப் பித்தளையில் ஒரு வளையம் செய்தார்கள். வளையத்தில் நுழைந்தால் வாயில் நுழைந்த மாதிரி.

ஒரு நாள் குடை தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், யாராவது ஒண்ணே ஒண்ணு தின்னு பார்த்துட்டா என்ன சார்?"

துணை இயக்குநருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாதிரியைத் தின்னுட்டா மாதிரி எங்க இருக்கும்?"

"ருசி தெரியும் சார்."

"ருசி நம்ம வரம்புல வராது. குடை அழகா இருக்கான்னு நாம என்னிக்காவது பார்த்திருக்கோமா?"

பார்த்ததில்லை. குடை காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அன்று வீட்டில் போன் மணி அடித்தது. மகள். "அப்பா, டிக்கெட் போட்டாச்சுல்ல? பாப்பா உங்க குரலைக் கண்டுபிடிச்சிட்டாப்பா. நீங்க போன்ல இருமினாக்கூடத் திரும்பிப் பார்க்கிறா. மூஞ்சிதான் தெரியாது. வந்தா யாரோன்னு அழப் போறா பாருங்க."

"அழட்டும்மா. நேர்ல அழட்டும்" என்றார் குடை.

மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "உங்கப்பா வர்றது ரொட்டி கையில இருக்குடி. ரொட்டி விழாம இருந்தா அவர் வருவாரு. நான் எப்படியும் வந்துடுவேன், எனக்கு அதிகாரி நான்தான்."

அன்றைக்கு ரொட்டியை மூன்று தடவை சுட்டாள். தட்டினால் கதவு தட்டின சத்தம் வந்தது. "இதுக்கு மேல கெட்டியா வேணும்னா கொத்தனாரைத்தான் கூப்பிடணும். சொல்லிடுங்க" என்று பெட்டியைக் கையில் கொடுத்தாள்.

விடிந்தால் விருந்துக்கு முந்தைய நாள். சோதனைக்கூடத்து மேஜையில் ஏணிப் பிரிவின் வேலையும் சேர்ந்தே நடந்துகொண்டிருந்தது. தொப்பு பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டார். எல்லாம் நொறுங்கின. அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"சார். ஒண்ணு மட்டும் உடையல சார்."

துணை இயக்குநர் ஓடி வந்தார். நொறுக்கல்களுக்கு நடுவே வட்டமாக, வெளிர் மஞ்சளாக, நடுவில் துளையோடு ஒன்று கிடந்தது. ஆறு முகத்திலும் போட்டார்கள். துள்ளியது. தண்ணீரில் போட்டார்கள். அசையவில்லை. சூட்டில் வைத்தார்கள், புயலில் வைத்தார்கள், துளையில் பல்குச்சியைச் செருகி எடைக்கல் கட்டி இழுத்தார்கள். பல்குச்சிதான் உடைந்தது. பித்தளை வளையத்தில் நூல் பிடித்ததுபோல நுழைந்தது. கழக வரலாற்றில் எந்தக் குடையும் வாளியும் இத்தனை சோதனையை ஒரே நாளில் தேறியதில்லை. துணை இயக்குநர் கண்கலங்கினார்.

"உங்க மனைவி விஞ்ஞானிய்யா" என்று குடையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

குடை அதை வாங்கிப் பார்த்தார். அமுக்கினார். மோந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் சாய்ந்திருந்த ஏணியைப் பார்த்தார். அதற்கு மூன்று கால்களில்தான் ரப்பர்க் குல்லா இருந்தது.

அவர் நேரே இயக்குநர் அறைக்குப் போனார். பின்னாலேயே துணை இயக்குநரும் வந்தார்.

"சார், இது ரொட்டி இல்ல சார். ஏணிக் காலுக்குப் போடற ரப்பரு. தவறிக் கீழ விழுந்திருக்கு."

இயக்குநர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "தேறிச்சா?"

"தேறிச்சு சார். ஆனா ரப்பரு."

"இதோ பாருங்க. ஒரு பொருள் என்னன்னு சொல்றது நம்ம வேலை இல்ல. அதைக் கொண்டு வந்து கொடுக்கறவங்க சொல்லணும். அது தேறிச்சா, தேறலையான்னு சொல்றதுதான் நம்ம வேலை. நீங்க உணவுன்னு கொடுத்தீங்க. உணவாத் தேறிச்சு. இப்போ வந்து ரப்பர்னு சொன்னா, நாங்க ரப்பரை உணவாத் தேர்ச்சி பண்ணிட்டோம்னு ஆகும். அப்படி இந்தக் கழகம் செய்யுமா?"

"செஞ்சிருக்கு சார்" என்றார் குடை, மெதுவாக.

துணை இயக்குநர் குறுக்கிட்டார். "ஒரு சின்ன சங்கதி சார். இதே ரப்பரை ஏணிப் பிரிவு போன மாசம் நிராகரிச்சிருக்காங்க. தரையில வழுக்குதாம். திருப்பி அனுப்பாம ரெண்டு மூட்டை கிடங்குல இருக்கு."

இயக்குநர் யோசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"தரையில வழுக்கினா ஏணிக்கு ஆகாது. வாய்ல வழுக்கினா நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது சார். விழுங்கச் சுலபம்" என்றார் துணை இயக்குநர். 'சுலபம்' கழகத்தில் புழக்கத்துக்கு வந்தது அப்படித்தான். பிற்பகலிலேயே அறிக்கையில் தலைவரின் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் குடை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ரப்பர்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன். கேக்கல."

"அப்போ விடுங்க. என் ரொட்டியைத் தேறலைன்னு சொன்னப்ப வருத்தமாத்தான் இருந்துச்சு. எது தேறிச்சுன்னு கேட்டப்புறம் இல்ல." கவுனை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "அந்த ரப்பரை நல்லாக் கழுவியாவது வையுங்க. நாளைக்கு யாருக்கும் வயித்தைக் கலக்கக் கூடாது."

மறுநாள் காலை குடை இரண்டு மூட்டையையும் குடைப் பிரிவின் செயற்கை மழையின் கீழ் வைத்து, சோப்புப் போட்டு, மூன்று மழைக்குக் கழுவினார். வெந்நீர் ஊற்றினார். ஒவ்வொன்றிலும் பல்குச்சி குத்தினார். வெள்ளைத் தட்டுகளில் அடுக்கியபோது, கண்ணியமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. சுவரில் வண்ணக் காகிதம். மேடையில் தலைவர், புதுச் சட்டையில். சென்ற ஆண்டு நிகழ்வு பேச்சுக்கு நடுவே நடந்ததால், இந்த ஆண்டு முதலில் சிற்றுணவு, பிறகுதான் பேச்சு என்று முறை மாற்றியிருந்தார்கள். தலைவரின் பேச்சு தடிமனாக மேஜைமேல் இருந்தது. இயக்குநர் அறிமுகமாக நாலு வார்த்தை பேசினார்.

"பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நாங்கள் ஒரு சாதாரண ரொட்டியிலிருந்து தொடங்கினோம். அதில் உடையக்கூடியது எது என்று பார்த்தோம், நீக்கினோம். கரையக்கூடியது எது என்று பார்த்தோம், நீக்கினோம். சிந்தக்கூடியது, உருகக்கூடியது, கெடக்கூடியது அனைத்தையும் விஞ்ஞான முறைப்படி நீக்கினோம். எஞ்சி நிற்பதே இன்று உங்கள் விரல்களில் இருக்கிறது."

கைதட்டல். தலைவர் இரண்டு விரலால் எடுத்து, பல்குச்சியை உருவி, ஒரே வாயில் போட்டுக்கொண்டார். சட்டையில் ஒன்றும் விழவில்லை. மறுபடியும் கைதட்டல். இயக்குநர் போட்டுக்கொண்டார். துணை இயக்குநர் போட்டுக்கொண்டார். பிறகு பதவி வரிசையில் மண்டபம் முழுக்கப் போட்டுக்கொண்டது.

தலைவர் மென்றார். முகத்தில் ஒரு சிந்தனை வந்தது. இன்னும் கொஞ்சம் மென்றார். தன் வலப்பக்கம் பார்த்தார், இயக்குநர் மென்றுகொண்டிருந்தார். இடப்பக்கம் பார்த்தார், துணை இயக்குநர் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். தான் கையெழுத்துப் போட்டுத் தேர்ச்சி கொடுத்த பொருளைத் தானே வாயிலிருந்து எடுத்தால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? தலைவர் எடுக்கவில்லை. தலைவர் எடுக்காததை இயக்குநர் எடுக்க முடியாது. இயக்குநர் எடுக்காததை மற்றவர்கள் நினைத்துப் பார்க்கவும் முடியாது. வாயில் நுழையுமா என்று சோதித்தவர்கள் தொண்டையில் இறங்குமா என்று சோதிக்கவில்லை; தொண்டைக்கு வளையம் செய்ய நேரம் இருக்கவில்லை.

மண்டபத்தில் ஃபேன் சத்தமும் தாடைச் சத்தமும்தான் கேட்டன. தலைவர் ஒருமுறை பேச்சைக் கையில் எடுத்தார். 'பெ' என்று தொடங்கினார். உள்ளே இருந்தது முன்னால் வந்தது. நாக்கால் பின்னால் தள்ளினார். பேச்சை மறுபடியும் மேஜையில் வைத்தார். கடைசி வரிசையில் சிலர் முகத்தில், மெல்லுகிற சிரமத்தையும் மீறி, வருஷக் கணக்கில் காணாத நிம்மதி தெரிந்தது.

குடை மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. பரிமாறுகிறவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். அவர் தட்டை வைத்துவிட்டு, லீவு விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

"சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு. கையெழுத்தளவுல ஒரு பாக்கி இருந்துச்சே."

இயக்குநர் புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவத்துக்குப் பின்னால் வழக்கமாக வரும் வாக்கியம் எல்லோருக்கும் தெரியும்: 'விடுமுறை முடியட்டும், பார்க்கலாம்.' இருபது வருஷமாகக் குடை அதைக் கேட்டிருக்கிறார். இப்போது கன்னம் மட்டும் இப்படியும் அப்படியும் போயிற்று.

"வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க சார், போயிடறேன்."

இயக்குநர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மென்றுகொண்டே இவரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் வாயில் இருப்பதை எடுத்தாக வேண்டும்.

"சொல்லுங்க சார்" என்றார் குடை, மிகுந்த மரியாதையோடு.

இயக்குநர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போடும்போதும் மென்றார்.

பஸ் நிலையத்தில் மனைவி இரண்டு பெட்டியோடும் ஒரு பொட்டலத்தோடும் நின்றிருந்தாள். அவர் ஓடி வருவதைப் பார்த்ததும் ஒரு பெட்டியை அவர் கையில் திணித்தாள். ஏறி உட்கார்ந்து, பஸ் நகர்ந்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தாள். வட்ட ரொட்டி, வெண்ணெய், வெள்ளரி, மிளகு, சீஸ். குடை இரண்டு விரலால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பஸ் குலுங்கியதில் கொஞ்சம் சட்டையில் சிந்தியது. தட்டிவிட்டார்.

"அங்க என்னாச்சு?" என்றாள். "யாராவது சாப்பிட்டாங்களா?"

குடை மென்று விழுங்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருப்பாங்க" என்றார்.